போதகருக்கு வைத்திருந்த பாய்

எசெரா வாய்க்கொழுப்பால்தான் அடி வாங்கினான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாய்க்கொழுப்புக்கு மண்டையைப் பிளப்பதா என்பதுதான் மகெரீதாவின் கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம். குயின்ஸ்லாந்தின் வடகோடியில் இருந்த அந்த மாந்தோப்பில் சமோவாக்காரர்கள்தான் பழம் பறித்தார்கள், அவர்கள்தான் பெட்டி கட்டினார்கள். வேலை முடிந்ததும் கொட்டகையிலேயே மறுநாள் ஆராதனைக்குப் பாட்டு ஒத்திகை தொடங்கிற்று. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு எடுப்பதற்குள் எசெராவுக்கு வாய் அரித்தது.

"மகெரீதா அக்கா குரல் இன்னிக்கு ஏன் இப்படிக் கம்முது தெரியுமா? தினம் சாயங்காலம் குளிர்க்கிடங்குக்குப் பின்னாடி போயி யார்கிட்டயோ கொஞ்சிக் கொஞ்சிப் பேசறாங்கல்ல. இருக்கற தொண்டையெல்லாம் அங்கயே செலவாயிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். மகெரீதாவும் சிரித்தாள். தோப்பில் போனுக்கு சிக்னல் கிடைப்பது குளிர்க்கிடங்குக்குப் பின்னால் மட்டும்தான். ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த மகளோடு அவள் அங்கே போய்த்தான் பேசுவாள். கொஞ்சலும் மகளோடுதான். இது அங்கிருந்த ஈ எறும்புக்கும் தெரியும்.

ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி, அவள் உடன்பிறந்தவன் காதுபட, விளையாட்டுக்குக்கூட இப்படிப் பேசக்கூடாது. சமோவாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எசெராவுக்கும் தெரியும். அதனால்தான் வாயைத் திறப்பதற்கு முன் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டான். காலிப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் மகெரீதாவின் தம்பி ரோபாதி குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தது மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

ரோபாதி பெட்டி வண்டியின் இரும்புக் கைப்பிடியை உருவினான், வந்தான், அடித்தான். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. எசெரா சிரித்த முகத்தோடேயே பழங்களின் மேல் சரிந்தான். ரோபாதி இரண்டாவது தடவையும் அடித்தான். மூன்றாவதற்கு ஓங்கும்போது மகெரீதா கைப்பிடியைத் தொற்றிக்கொண்டாள். கொட்டகை முழுக்க இழுபட்டாளே தவிர பிடியை விடவில்லை.

எசெராவின் அண்ணன் நெமியா பின்பக்கம் பண்டிகைக்குப் பன்றி அறுத்துக்கொண்டிருந்தான். கூச்சல் கேட்டு, கைநிறையப் பன்றி ரத்தத்தோடு ஓடிவந்தான். தம்பி கிடந்த கோலத்தைப் பார்த்தான். அடுத்த கணம் ரோபாதியின் கழுத்து அவன் கையில் இருந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். பெட்டிகள் சரிந்தன, பழங்கள் கூழாயின. ரோபாதியின் தோளில் நெமியா பல்லைப் பதித்துவிட்டான். இருந்த ஆண்களெல்லாம் சேர்ந்து பிரித்தபோது ஒரு வாய்ச் சதை தோளில் இல்லை.

தோப்பு மேலாளர் கிரெக் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கூட்டத்துக்கு வேன் ஓட்டுகிறவனும் பாட்டு எடுத்துக்கொடுக்கிறவனுமான பிலிப்போ முந்திக்கொண்டு, "பெட்டி அடுக்கு சரிஞ்சிடுச்சு, சார்," என்றான். நெமியாவும் ஆமாம் என்று தலையாட்டினான். இது போலீஸுக்குப் போகிற விஷயம் இல்லை, தாங்களே தீர்க்க வேண்டியது என்று அவனும் நினைத்தான். எப்படித் தீர்ப்பான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆம்புலன்ஸில் தம்பியோடு ஏறும்போது அவன் ரோபாதியை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

மகெரீதா தம்பியைத் தகர அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு அறைந்தாள். கை வலிக்கும்வரை அறைந்தாள்.

"நான் கேட்டனாடா? என் மானத்தைக் காப்பாத்துன்னு உங்கிட்ட நான் கேட்டனா? அவன் பேசினது எம் பொண்ணை வெச்சுத்தான்டா. நானே சிரிச்சேன்டா."

ரோபாதி தடுக்கவில்லை. மாங்காய்ப் பால் பட்டுக் கருகியிருந்த கன்னம் அறை வாங்கித் தோல் உரிந்தது.

"காதுல விழுந்துடுச்சுக்கா. விழுந்தப்புறம் நான் என்ன பண்ண முடியும்?" என்றான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி உக்காந்துடறேன்," என்றான்.

உட்காருவது என்றால் இஃபோங்கா. ரத்தம் சிந்தவைத்தவன், அடிபட்டவன் வீட்டு வாசலில் விடிவதற்கு முன் போய் மண்டியிட்டு, தலைக்கு மேல் நயம்பாய் என்கிற மெல்லிய சடங்குப் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது, பாயைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர்கள் வந்து பாயை விலக்கினால் பகை தீர்ந்தது. விலக்க மனம் வராவிட்டால் வெட்டலாம். வெட்டினாலும் கேள்வி கிடையாது.

ஊராக இருந்தால் ரோபாதி தனியாக உட்கார வேண்டியிருக்காது. அப்பா, சித்தப்பன்மார், மச்சான்மார், குடும்பத்துத் தலைவர் என்று ஒரு கூட்டமே பாய்க்குள் குனிந்திருக்கும். அத்தனை தலை மண்ணைப் பார்த்துக் கிடப்பதைக் கண்டால் எப்பேர்ப்பட்ட கல் மனசும் இளகும். கடல் தாண்டி வந்த இடத்தில் கூட்டத்துக்கு எங்கே போவது?

"நீங்க வந்து உக்காருங்கண்ணே," என்று மகெரீதா பிலிப்போவைக் கெஞ்சினாள்.

"நான் உக்காந்தா அது கூத்தாயிடும்மா. நானென்ன உங்க ரத்தமா? கேலி பண்றாங்கன்னு நெமியா என்னையும் சேத்து வெட்டுவான்."

"அப்ப நான் உக்காருறேன்."

"நீ வந்தா நான் போக மாட்டேன்," என்றான் ரோபாதி. "அக்காவைக் குனியவெச்சுப் பொழைச்சான்னு ஊர்ல பேசுவாங்க. அதுக்கு அவன் வெட்டறதே மேல்."

மகெரீதாவிடம் ஒரு நயம்பாய் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கெய்ன்ஸிலிருந்து வரும் போதகருக்குக் காணிக்கையாகக் கொடுக்கச் சொல்லி அம்மா அனுப்பியது. தாழை மடலைத் துணி போல மெலிதாகக் கிழித்துப் பின்னி, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்த பாய். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். போதகர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவருக்கு வேறு பாய் பின்னலாம், தம்பியைப் பின்ன முடியாது.

விடியும்போது நெமியா திரும்பிவந்தான். "இன்னும் கண்ணு தொறக்கல," என்று பிலிப்போவிடம் சொன்னதோடு சரி. தன் அறை வாசலில் பாயைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டிருந்த உருவத்தைப் பார்த்தான். அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்து, கரும்பு வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

அந்தச் சத்தத்தில்தான் அவர்களுடைய கிறிஸ்துமஸ் விடிந்தது. பெண்கள் வெள்ளை உடுப்பு உடுத்திக்கொண்டார்கள். ஆண்கள் குழியில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, பன்றியை வாழையிலையில் சுற்றிப் புதைத்தார்கள். யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. மகெரீதா சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. வெயில் ஏறியது. பாய்க்கு அடியில் சரளைக்கல் நனைந்திருந்தது. வியர்வையா, தோள் காயமா, தெரியவில்லை. கத்தி தீட்டுகிற சத்தம் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சும் நின்றது.

ஒரு கட்டத்தில் நெமியா எழுந்து உள்ளே போனான். கட்டில் கிரீச்சிட்டது. வெட்டுகிறவனாக இருந்தால் வந்ததும் வெட்டியிருப்பான் என்று அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிற்பகலுக்குள் மனசு மாறிவிடும், பாயை விலக்கிவிடுவான்.

அப்போதுதான் கிரெக் வந்தார்.

நல்ல மனுஷன்தான். தலையில் சிவப்புத் தொப்பி, கையில் இறால் நிறைந்த ஐஸ் பெட்டி, முகத்தில் சிரிப்பு. வருகிற வழியில், கொதிக்கிற சரளைக்கல்லில், பாய்க்கு அடியில் ஒரு ஆள். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருப்பார்.

"டேய் தம்பி, இப்படியே கெடந்தா வெந்துபோவே," என்று சொல்லிப் பாயை எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? நாலாக மடித்துத் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் வைத்து, ரோபாதியின் முதுகில் ஒரு தட்டும் தட்டிவிட்டு, இறாலைக் கொடுக்கப் பிலிப்போவைத் தேடிப் போனார்.

யாருக்கும் கை கால் ஓடவில்லை. ரோபாதி தலை குனிந்தபடியே மண்டியிட்டிருந்தான். அவன் பாயைத் தொட முடியாது. கிரெக்கின் பேச்சு கேட்டுத் தகர இடுக்கில் பார்த்திருக்க வேண்டும், அறைக்குள்ளிருந்து நெமியாவின் குரல் வந்தது.

"யார்ரா பாயை எடுத்தது?"

கட்டில் மறுபடி கிரீச்சிட்டது.

மகெரீதா ஓடினாள். பீப்பாயின் மேலிருந்து பாயை இழுத்துப் பிரித்துத் தம்பியின் மேல் போட்டாள். கதவுத் தாழ்ப்பாள் நகர்ந்தது. திரும்பி ஓட நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டாள். பாயைத் தூக்கி உள்ளே நுழைந்து தம்பியின் முதுகின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"போக்கா," என்று முனகினான் ரோபாதி.

"வாயை மூடு. அசைஞ்சா செத்தே," என்று அவன் காதுக்குள் சொன்னாள்.

நெமியாவின் காலடி நெருங்கிற்று. "மேனேஜரை விட்டு எடுக்கவெச்சா தீந்துபோச்சாடா? வெள்ளைக்காரன் மன்னிச்சுட்டான்னு எழுந்து போயிடலாம்னு பாத்தியா? மண்டை பொளந்து கெடக்கறது அவன் தம்பியாடா, எந் தம்பியா?"

முதல் அடி கத்தியின் முதுகால் விழுந்தது. அவள் இடது முழங்கையில். எலும்பு முறிந்ததை வலி வருவதற்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள். இரண்டாவது தோளில். மூன்றாவது விலாவில். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் போட்டால் போதும், அவன் நிறுத்திவிடுவான். ஆனால் சத்தம் போட்டால் ரோபாதி அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்தவன் ஆகிவிடுவான். உட்கார்ந்தது செல்லாமல் போகும். இன்றைக்குத் தப்பினாலும் நாளைக்கு வெட்டு. அதனால் அவள் கத்தவில்லை. எல்லா ஆண்பிள்ளைகளையும் மனசுக்குள் வாயில் வந்தபடி திட்டினாள். சொல்லிவிட்டு அடிவாங்கியவனை, கேட்டுவிட்டு அடித்தவனை, இப்போது அடிக்கிறவனை, தொப்பி போட்டுக்கொண்டு வந்தவனை.

நாலாவது அடி கூர்ப்பக்கமாக வந்தது. பாய் கிழிந்து முதுகில் ஒரு கோடு போல எரிந்தது. உடனே சூடாக இருந்தது, இடுப்பு வரை நனைந்தது.

அதன் பிறகு அடி இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பாயின் ஓரத்தில் வெள்ளைப் பாவாடையின் கரை, ரத்தத்தில் தோய்ந்து, சரளைக்கல்லில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் நெமியா பார்த்திருக்க வேண்டும்.

அவன் குனிந்து பாயை இழுத்தான். அடியில் இருந்தது மகெரீதாவின் முகம்.

பாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. யாரென்று பார்க்கத்தான் எடுத்தான். ஆனாலும் எடுத்தவன் அவன்தான். அடிபட்டவனின் அண்ணன், தன் கையால், எல்லாரும் பார்க்க, பாயை விலக்கிவிட்டான். ரோபாதி தப்பிவிட்டான்.

இன்னொன்றும் செய்துவிட்டான். இன்னொருவனின் உடன்பிறந்தவளை வெட்டிவிட்டான். எசெரா வாயால் சொன்னதற்கே மண்டை பிளந்தது. இதற்கு என்ன கணக்கு?

கத்தி அவன் கையிலிருந்து விழுந்தது. மகெரீதாவின் கால்மாட்டில் மண்டியிட்டான். கிழிந்து ரத்தத்தில் ஊறியிருந்த பாயைத் தன் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான்.

ரோபாதி எழுந்தான். மண்டியிட்டுக் கிடந்த காலில் ரத்த ஓட்டம் இல்லாமல் தள்ளாடினான். ஆனால் கத்தி கைக்கு வந்துவிட்டது.

"கீழ போடு," என்றாள் மகெரீதா.

"உங் கையைப் பாத்தியாக்கா? முதுகைப் பாத்தியா?"

"பாக்கறதுக்கு எனக்குப் பின்னாடி கண்ணு இருக்கா? கீழ போடுடா. பாய் எம் முன்னாடி கெடக்குது. எடுக்கறதும் எடுக்காததும் எம் பாடு. நீ வாங்கிக்குடுத்த மானம் எனக்குப் போதும்."

அவன் போட்டான். அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள். இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளியிருக்கலாம்.

பாயை அவள் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வேகட்டும் என்று நினைத்தாள். எரிச்சல் அவளுக்கும் உண்டு. நெமியாவின் அறைப் படியிலேயே உட்கார்ந்தாள். ஒருத்தி மாம்பழப் பெட்டிப் பலகையை உடைத்து முழங்கைக்கு வைத்துக் கட்டினாள். இன்னொருத்தி முதுகில் துணியை வைத்து அழுத்தினாள். மண்ணுக்கடியிலிருந்து பன்றி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கிரெக்கின் அலுவலகப் பக்கமிருந்து பிலிப்போ வந்தான். நடந்துதான் வந்தான். அந்த நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிரெக் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்.

பிலிப்போ அவள் காதருகே குனிந்தான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். எசெரா போயிட்டான்."

அவள் வாயில் கடிபட்ட உதட்டின் ரத்தத்தை விழுங்கினாள். அந்த அசட்டுப் பையன் நேற்று மத்தியானம் அவளைச் சிரிக்கவைத்தானே என்று இருந்தது.

"இங்க பாரு," என்று பிலிப்போ இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னான். "இவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா பாயை எடுத்ததெல்லாம் நிக்காது. நீ எடுக்கறவரைக்கும் இவன் அசைய முடியாது. வேன் சாவி எங்கிட்ட இருக்கு. தம்பியை ஏத்தி அனுப்பிடு. சாயங்காலம் வரைக்கும் இவனை இப்படியே வெச்சிரு."

அவள் பாயைப் பார்த்தாள். பாய் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி செத்தது தெரியாமல், அவளுக்கு இழைத்த குற்றத்துக்காகத் தலைகுனிந்து கிடக்கிறான். அவன் அங்கே கிடக்கிறவரை ரோபாதி பிழைத்தான். ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று விமான நிலையத்தில் அம்மாவின் தலைமேல் கை வைக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

"அவன் தம்பி அங்க தனியாக் கெடக்கான். இவனை இங்க நான் கட்டிவெக்கறதா?" என்று எழுந்தாள்.

ஒரு கையால் பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். நெமியாவின் முகம் வியர்வையும் கண்ணீருமாக இருந்தது.

"நெமியா அண்ணே."

"எடுக்க வேணாம் மகெரீதா. இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கறேன்."

"எசெரா போயிட்டான்ண்ணே. இப்பத்தான் போன் வந்துது."

வெளியே இருந்தவர்கள் கேட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. கையில் அகப்பட்டதை அவன் பிடித்துக்கொண்டான். அகப்பட்டது அவளுடைய முறிந்த கை. விடுவித்துக்கொள்ளாமல் அவளும் சேர்ந்து அலறினாள். பிறகு தன்னுடைய நல்ல கையால் அவன் தலைமேலிருந்த பாயை விலக்கினாள்.

வெளிச்சத்தில் அவன் முதலில் பார்த்தது ரோபாதியை. பிலிப்போ வேன் சாவியை அவன் கையில் திணித்திருந்தான். அதைத் தூர எறிந்துவிட்டு ரோபாதி பழைய இடத்திலேயே மண்டியிட்டிருந்தான். மேலே பாய் இல்லை. வெறுங்கழுத்து.

நெமியா எழுந்தான். இரண்டு எட்டில் கத்தியை எடுத்தான். ரோபாதியின் பிடரிக்கு நேராக ஓங்கினான். ஆண்கள் யாரும் குறுக்கே போகவில்லை. மகெரீதாவுக்கும் இனிக் குறுக்கே விழ உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கண்ணை மட்டும் மூடாமல் பார்த்தாள்.

ஓங்கிய கை நின்றது.

"எடுத்துட்டேனே," என்றான் நெமியா. "ஒரு தடவை எடுத்துத் தொலைச்சிட்டேனே."

அப்புறம் அவன் கத்தியைத் தன் தகர அறையின் சுவரில் இறக்கினான். வெட்டினான், இழுத்தான், வெட்டினான். தகரம் கிழிந்து அவன் கையைக் கிழித்தது. கத்தி வளைந்தபிறகு முஷ்டியால் குத்தினான். சுவர் முழுக்க ரத்தம் ஆகும்வரை யாரும் அவனைத் தடுக்கவில்லை. ரோபாதி தலையைத் தூக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் போலீஸ் வந்தது. பெட்டி அடுக்கு சரிந்த கதையை இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. ரோபாதியே போய்க் கையை நீட்டினான். வண்டியில் ஏற்றும்போது நெமியா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸில் படுத்திருந்த மகெரீதாவிடம், எப்படி வெட்டுப்பட்டது என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். தகரம் கிழித்துவிட்டது என்றாள்.

போதகர் வந்து சேர்ந்தபோது கல்லடுப்பை யாரும் திறந்திருக்கவில்லை. பன்றி உள்ளேயே கரிந்துவிட்டது. அவருக்கு வைத்திருந்த பாயை நெமியா தண்ணீர்ப் பீப்பாயில் நனைத்து அலசிக்கொண்டிருந்தான். ரத்தக் கறை முழுக்கப் போகவில்லை. எசெராவை ஊருக்கு அனுப்பும்போது அதையே மேலே போர்த்தி அனுப்பினார்கள்.